குழி மேலே, மருந்து உள்ளே

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் உண்மை. டோப்ரி துப்பாக்கிக் கிளப்பின் மதிப்பெண் புத்தகத்தின் மேல் வலது கையையும், அதே கிளப்பின் அடுப்பிலிருந்து அப்போதுதான் இறக்கிய வாத்தின் மேல் இடது கையையும் வைத்துச் செய்த சத்தியம் இது. வாத்து நல்ல சூடு. பொய் சொல்கிறவனால் அவ்வளவு நேரம் கையை வைத்திருக்க முடியாது.

நெப்ராஸ்காவில், டோப்ரி ஊரில், ஃப்ளோரியன் ஹ்ருஷ்காவின் மனைவி அடேலா முப்பத்தோரு வருஷமாக வீட்டிலேயே தோட்டா கட்டினாள். சுட்டுத் தள்ளிய காலிக் கூடுகளைப் புல்லிலிருந்து பொறுக்கி வருவாள். அடியில் பொறி கொடுக்கும் பழைய கேப்பைத் தட்டி எடுத்துவிட்டுப் புதுக் கேப், அதற்குமேல் வெடிமருந்து, மருந்துக்குமேல் பிளாஸ்டிக் அடைப்பான், அடைப்பானுக்குள் ஈய ரவை. பிறகு கூட்டின் வாயை எட்டு மடிப்பாக மடித்து அமுக்கினால் அது மறுபடியும் தோட்டா. சொல்வதற்கு இவ்வளவுதான். இதைச் செய்து பார்த்தவர்கள் டோப்ரியில் பலர் இருந்தார்கள். அவர்களில் இரண்டு பேருக்குப் புருவம் கிடையாது.

தோட்டா கட்ட மற்றவர்கள் வைத்திருந்த கைப்பிடி பிரஸ் எல்லாம் கன்றுக்குட்டி கனம் இருக்கும். பிடியை ஒரு தடவை இழுத்தால் ஒரு தோட்டா விழும். அடேலாவின் பிரஸ், தபாலில் வந்த விலைப்பட்டியலின் கடைசிப் பக்கத்தில், கொசுவலைக்கும் செருப்புத் தைக்கும் ஊசிக்கும் நடுவில் இருந்தது. பாதி தகரம், பாதி பிளாஸ்டிக். ஒரு கோழி நினைத்தால் தூக்கிக்கொண்டு போய்விடலாம். அதற்காகவே அவள் அதை இறைச்சி வெட்டும் கட்டையோடு சேர்த்து நான்கு திருகாணி போட்டு முடுக்கியிருந்தாள். அடியில் ஒரு பக்கம் தாழ்ந்திருந்ததற்குக் காப்பித் தகரத்தை வெட்டி முட்டுக் கொடுத்தாள். பிடியில் பூட்ஸ் கயிற்றைச் சுற்றினாள். ஒரு கூட்டை ஐந்து குழிகளில் மாற்றி மாற்றி வைத்து, ஏழு தடவை பிடியை அமுக்கினால்தான் ஒரு தோட்டா. கோயிலுக்குக் கிளம்பும் பிள்ளைக்குச் சட்டை மாட்டி, பொத்தான் போட்டு, தலை சீவி அனுப்புவதைப்போல ஒவ்வொன்றாக அனுப்பினாள்.

அவளுடைய காதைப் பற்றியும் சொல்ல வேண்டும். கட்டி முடித்த தோட்டாவைக் காதோரம் ஒரு ஆட்டு ஆட்டினால் உள்ளே எத்தனை ரவை என்று சொல்லிவிடுவாள். ஒருநாள் ஃப்ளோரியன் சோதித்தார். "முந்நூத்தி நாப்பத்தொம்பது. ஒண்ணு கொறையுது" என்றாள். அவர் அதைப் பிரித்து, சாப்பாட்டு மேசையில் கொட்டி, மதியம் முழுக்க எண்ணினார். முந்நூற்று ஐம்பது இருந்தது. ஒரு வாரம் அவர் தெருவில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தார். அடுத்த வாரம் அவளே மேசையைத் துடைத்தபோது, ஒதுக்கி வைத்திருந்த ரவையில் ஒன்று உருளாமல் விரலோடு ஒட்டிக்கொண்டு வந்தது. ஊறுகாய் ஜாடியிலிருந்து தெறித்த கடுகு.

கிளப்பில் ஃப்ளோரியன் சுடுகிறவர் அல்ல, எழுதுகிறவர். குழிக்குள்ளிருந்து இயந்திரம் வீசும் மண் தட்டுக்குப் புறா என்று பெயர். ஐந்து பேர் வரிசையாக நின்று சுடுவார்கள். அவர்களுக்குப் பின்னால் உயரமான முக்காலியில் ஃப்ளோரியன் உட்கார்ந்திருப்பார். புறா உடைந்தால் ஒரு சாய்ந்த கோடு. தவறினால் "போச்சு" என்று கத்திவிட்டு ஒரு சுழி. பென்சில் தொடமாட்டார், மைப்பேனாதான். பங்குச் சாமியார் சுட்டு, ஒரே ஒரு சில் பெயர்ந்ததா இல்லையா என்று ஊரே இரண்டுபட்ட நாளிலும் அவர் சுழிதான் போட்டார். சாமியார் மூன்று ஞாயிறு அவரைப் பார்த்தபடியே பிரசங்கம் செய்தார். சுழி சுழியாகவே இருந்தது.

எண்பத்தொன்றாம் வருஷம் செப்டம்பர் இரண்டாம் தேதி, அடேலாவின் பெயர்த் திருநாள், அதாவது அவள் பெயருக்குரிய புனிதரின் நாள். அன்று காற்று தெற்கிலிருந்து அடித்தது. டோப்ரியின் காற்றைப் பற்றித் தெரியாதவர்களுக்கு ஒன்று: எங்கள் கோயில் மணி அடித்தால் சத்தம் எங்கள் ஊரில் கேட்காது, ஒன்பது மைல் தள்ளி பெல்வின் ஊரில்தான் கேட்கும். ஆறு வருஷம் பெல்வின்காரர்கள் மணி வாங்காமலே பூசைக்கு நேரத்துக்கு வந்தார்கள்.

அடேலா நிலவறையில் தோட்டா கட்டிக்கொண்டிருந்தாள். மறு வாரம் பெல்வினோடு போட்டி, ஐந்து பேருக்கும் அவளுடைய தோட்டாதான். பாதியில் மேலே வீட்டில் போன் அடித்தது. ஒமாஹாவிலிருந்து அவள் தங்கை அல்பினா. அல்பினா போன் எடுத்தால் ரொட்டி மாவு இரண்டு தடவை உப்பி அடங்கும். அதனால் வேலையைப் பாதியில் விட்டுப் போகும்போதெல்லாம் அடேலாவுக்கு ஒரு வழக்கம் இருந்தது. பிரஸ்ஸுக்குப் பக்கத்து ஆணியில் ஒரு பழைய மரக்கரண்டி தொங்கும். எழுந்து போகும்போது அதை எடுத்துப் பிரஸ்ஸின் குறுக்கே வைப்பாள். கரண்டியின் குழி மேலே பார்த்து இருந்தால் கூட்டுக்குள் மருந்து விழுந்தாயிற்று. குழி கீழே என்றால் இன்னும் இல்லை. முப்பத்தோரு வருஷம் அந்தக் கரண்டி ஒரு தடவைகூடத் தப்பாகக் கிடந்ததில்லை.

அன்று அதைக் கவிழ்த்து வைத்துவிட்டு மேலே போனாள்.

ஃப்ளோரியன் நிலவறைக்கு இறங்குகிறவர் அல்ல. அன்று புளித்த முட்டைக்கோஸ் ஜாடி எடுக்க இறங்கினார். பிரஸ்ஸின் மேல் ஒரு கரண்டி கரியேறிக் கிடந்தது. பெயர்த் திருநாளும் அதுவுமாக மனைவிக்கு ஒன்றும் வாங்கவில்லையே என்ற உறுத்தல் காலையிலிருந்தே அவருக்கு இருந்தது. கல்யாணமான நாளிலிருந்து அவர் ஒரு பாத்திரம் கழுவியதில்லை. இதையாவது செய்வோம் என்று அங்கேயே இருந்த தண்ணீர்த் தொட்டியில் போட்டு, சோப்புத் தேய்த்து, ஊறிப்போன கரி போகாவிட்டாலும் சட்டையில் துடைத்து, இருந்த இடத்திலேயே வைத்தார். ஈரம் காயட்டும் என்று குழி மேலே பார்க்க வைத்தார்.

மேலே வந்தபோது ஏதோ பெரிய காரியம் செய்த சந்தோஷம் அவருக்கு. அடேலா போனைக் கையால் பொத்திக்கொண்டு, "என்னய்யா இளிச்சுக்கிட்டு வர்ற" என்றாள். "ஒண்ணுமில்ல" என்றார்.

பதின்மூன்றாம் தேதி ஞாயிற்றுக்கிழமை போட்டி. ஆளுக்கு இருபத்தைந்து புறா. கடைசியில் எல்லாரும் முடித்துவிட்டு லெனர்ட் வாவ்ரா மட்டும் நின்றார். மாவட்டத்தில் லெனர்டுக்கு மேல் சுடுகிறவன் கிடையாது. இருபத்து நான்கை உடைத்திருந்தார். இருபத்தைந்தாவது உடைந்தால் கோப்பை டோப்ரிக்கு, உடையாவிட்டால் பெல்வினுக்கு.

லெனர்ட் துப்பாக்கியைத் தோளில் ஏற்றி "விடு" என்றார். புறா கிளம்பியது. துப்பாக்கி 'பிளுக்' என்றது. சோடாப் பாட்டில் மூடியைக் கட்டைவிரலால் நெம்பினால் வரும் சத்தம். ரவை பத்தடி தள்ளிப் புல்லில் கொட்டியது. அடைப்பான் லெனர்டின் பூட்ஸ் மேலேயே விழுந்தது. புறா நிதானமாகப் பறந்து, சோளக்கொல்லை ஓரத்தில், முட்டையிடப்போகும் கோழி மாதிரி அலுங்காமல் இறங்கியது.

அடைப்பான் குழாயில் சிக்கியிருந்தால் வேறு புறா கேட்கலாம். வெளியே வந்துவிட்டால் கிடையாது. லெனர்ட் துப்பாக்கியை மடித்துக் குழாய் வழியாகப் பார்த்தார். அந்தப் பக்கம் வானம் தெரிந்தது.

"போச்சு" என்றார் ஃப்ளோரியன். சுழி போட்டார்.

பெல்வின் கூட்டத்திலிருந்து ஒருவன் கேட்டான்: "அது ஏண்ணே, ஒங்க ஊரு துப்பாக்கி சாப்ட்டுட்டு ஏப்பம் விடுது?"

லெனர்ட் சத்தம் போடுகிற ஆள் இல்லை. கூட்டை எடுத்து முகர்ந்து பார்த்தார். "மருந்தே இல்ல. கேப்பு மட்டுந்தான் வெடிச்சிருக்கு" என்றார். கொஞ்சம் பொறுத்து, "அடேலாக்கா கட்டினது" என்றார்.

ஜெயித்ததும் பங்கு வைக்க ஒரு தட்டு நிறையப் பிளம் கொலாச் ரொட்டியோடு அடேலா நின்றுகொண்டிருந்தாள். தட்டைக் கீழே வைத்தாள். லெனர்ட் கையிலிருந்த கூட்டை வாங்கி அவளும் முகர்ந்தாள். கைப்பையில் போட்டுக்கொண்டாள். கார் நின்ற பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல் நான்கு மைல் எதிர்காற்றில் வீட்டுக்கு நடந்தாள்.

மறுநாள் மதியம் மேசையில் வாத்து, மாவு உருண்டை, புளித்த முட்டைக்கோஸ். அடேலாவுக்குக் கோபம் வந்தால் சமையல் கெடாது, கூடிப்போகும். அன்றைய வாத்தின் தோல், தொட்டால் பேசும் பதத்தில் இருந்தது. ஃப்ளோரியன் பயந்துபோனார்.

அவள் அந்தக் காலிக் கூட்டைத் தட்டுக்குப் பக்கத்தில் நிறுத்தினாள்.

"இது எனக்குத் தெரிஞ்ச கூடு. ஒம்பதாவது தடவை. உதட்டுல சின்னக் கீறல் இருக்கு பாரு. இதைப் பெயர்த் திருநாள் அன்னிக்குக் கட்டினேன். பாதியில அல்பினா கூப்பிட்டா."

"கூப்பிட்டா" என்றார் ஃப்ளோரியன்.

"மருந்து போட்டுட்டுப் போனேனா, போடாமப் போனேனாங்கறது ஞாபகமில்ல. ஞாபகம் வெச்சுக்கக் கூடாதுன்னுதான் கரண்டி வெச்சிருக்கேன்."

"எந்தக் கரண்டி?"

"பிரஸ்ஸு பக்கத்துல தொங்குமே மரக்கரண்டி, அதுதான். குழி கீழே இருந்தா மருந்து போடணும். குழி மேலே இருந்தா மருந்து உள்ளே. திரும்பி வந்து பாத்தேன். நல்லா மல்லாந்து கெடந்துது. அடைப்பானை எறக்கினேன்."

ஃப்ளோரியன் வாயில் ஒரு மாவு உருண்டை இருந்தது. அது உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை.

"எட்டிப் பாத்திருக்கலாமே, அடேலா."

"அந்த அழுமூஞ்சி பல்பு வெளிச்சத்துலயா? கண்ணு ஏமாத்தும்யா. கரண்டி ஏமாத்தாது." அவள் கூட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "அப்படின்னா நாந்தான் தப்பா வெச்சிருக்கணும். முப்பத்தோரு வருஷம். கை பழகிப்போனா தலை கழண்டுடும்பாங்க, அது எனக்கும் வந்துடுச்சி."

"அப்படியெல்லாம் இல்ல."

"பின்னே? வேற யாரு வெச்சா? கரண்டி தானா பொரண்டு படுக்குமா?"

சொல்வதற்கு அதைவிட நல்ல நேரம் அமையாது. ஃப்ளோரியனுக்கும் அது தெரிந்தது. உருண்டையை விழுங்கினார். "இன்னும் கொஞ்சம் முட்டைக்கோஸ் போடு" என்றார்.

அவள் பிரஸ்ஸின் மேல் ஒரு துணியைப் போட்டு மூடினாள். நிலவறை விளக்கை அணைத்தாள். மூன்று நாள் அந்த வீட்டில் பிடி அமுக்கும் சத்தம் இல்லை. இவ்வளவு காலமும் ஃப்ளோரியன் அந்தச் சத்தத்தில்தான் பேப்பர் படித்தார். இப்போது தலைப்புகூட மண்டையில் ஏறவில்லை.

புதன்கிழமை தீவனக் கடைக்குப் போனார். அங்கே லெனர்ட் ஒரு பெட்டியைக் கோட்டுக்குள் ஒளித்துக்கொண்டு வெளியே வந்தார். கம்பெனித் தோட்டா.

"என்னடா அது, வயித்துல கட்டியா?"

"கோவிச்சுக்காதீங்கண்ணே. ஒரே ஒரு டப்பா. சும்மா."

"சும்மாவா?"

"நான் ஒண்ணும் சொல்லலண்ணே. பசங்கதான் சொல்றாங்க. அக்காவுக்கு வயசாகுது, அந்த பிரஸ்ஸு வேற பொம்மை மாதிரி இருக்கு..." லெனர்ட் பூட்ஸைப் பார்த்தபடி சொன்னார். "விடு, பிளுக். பெல்வின்ல இப்ப எனக்கு அதான் பேரு. லெனர்ட் பிளுக். என் மச்சான் ஊரு பெல்வின். கிறிஸ்மஸுக்கு அங்கதான் போகணும்."

ஃப்ளோரியன் விறுவிறுவென்று கடைக்குள் நுழைந்தார். முக்காலியில் உட்கார்ந்து சாமியாருக்கே சுழி போட்ட மனிதர். அந்தச் சுழிக்குச் சொந்தக்காரர் தாம்தான் என்று தீவனக் கடை வாசலில் எப்படிச் சொல்வது? மாட்டுத் தீவனம் வாங்க வந்தவர், நாய்ப் பிஸ்கட் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். அவரிடம் நாய் இல்லை.

வியாழக்கிழமை லெனர்டே வீட்டுக்கு வந்துவிட்டார். கையில் நான்கு பெட்டி. அடேலா கட்டிக் கொடுத்தவை, பிரிக்காதவை.

"வேற யாருக்காவது ஒதவுமேன்னுதான், அக்கா..."

அடேலா பெட்டிகளை வாங்கி மேசையில் அடுக்கினாள். மேல் பெட்டியைத் திறந்து ஒரு தோட்டாவை எடுத்துக் காதோரம் ஆட்டினாள். வைத்தாள்.

"உக்காரு லெனர்ட். கொலாச் சாப்புடு."

"இல்லக்கா, மாட்டுக்கு..."

"உக்காருடா."

லெனர்ட் உட்கார்ந்தார்.

"ஞாயித்துக்கெழமை பிரஸ்ஸை கிளப்புக்குக் கொண்டாறேன். ஒங்க எல்லார் கண்ணு முன்னாடியும் கட்டறேன். இருபத்தஞ்சு. நீதான் சுடணும். ஒண்ணு பொய்த்துச்சுன்னா பிரஸ்ஸை என் கையால குளத்துல போடறேன். அப்புறம் டோப்ரியில நான் தோட்டா கட்டினேன்னு யாரும் வாயத் தொறக்கக் கூடாது."

"நான் குறி தவறிட்டா?"

"குறி தவறினா அது ஒன் மானம். பிளுக்னு போனா அது என் மானம்."

"இருபத்தஞ்சும் சரியா இருந்தா?"

"கோட்டுக்குள்ள ஒளிச்சு வாங்கினியே, அதைக் கொண்டுபோய் நீ குளத்துல போடு."

லெனர்ட் ஃப்ளோரியனைப் பார்த்தார். ஃப்ளோரியன் ஜன்னலைப் பார்த்தார். ஜன்னலுக்கு வெளியே காற்றைத் தவிர ஒன்றுமில்லை.

ஞாயிற்றுக்கிழமை கிளப்பில் இடமில்லை. பெல்வினிலிருந்துகூட ஆறு கார். அடேலா கோயிலுக்குப் போட்டுக்கொண்டு போன நீலக் கவுனோடேயே வந்தாள். இறைச்சிக் கட்டையும் பிரஸ்ஸும் சேர்ந்தாற்போல் ஃப்ளோரியன் தூக்கி வந்தார். காப்பிப் பானைக்கும் வாத்துத் தட்டுக்கும் நடுவில் இடம் ஒதுக்கி, மேசையோடு முடுக்கினார்கள். அடேலா கரண்டியை மறக்காமல் கொண்டுவந்திருந்தாள். மேசை விளிம்பில் ஓர் ஆணி அடித்து அதை மாட்டச் சொன்னாள். கிளப்பின் புது மேசை அது. கிளப்பே சுத்தியல் கொடுத்தது.

கட்ட ஆரம்பித்தாள். பிடி இறங்கும் சத்தம், மருந்தை அளந்து விடும் பட்டை நகரும் சத்தம், ரவை விழும்போது தகரத்தில் தூறல் விழுகிற மாதிரி ஒரு சத்தம். முதல் ஐந்து தோட்டா வரைக்கும் பெல்வின்காரர்கள் ஏதோ முணுமுணுத்தார்கள். பத்தாவதுக்குப் பிறகு தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்கள். எட்டு மடிப்பும் நடுவில் வந்து சேர்கிற இடத்தில் ஊசி நுழையாது. ஒருவன் ஊசி வாங்கி நுழைத்துப் பார்த்தான்.

பதினாறு முடிந்தது. பதினேழாவது கூட்டில் கேப் பொருத்தினாள். கிளப்பின் நடைக்கூடத்தில் போன் அடித்தது.

அல்பினா. வீட்டில் யாரும் எடுக்கவில்லை என்று இங்கே கூப்பிட்டிருந்தாள். சகோதரி செத்துக் கிடக்கிறாளா என்று தெரிந்துகொள்ளாமல் அவள் போனை வைக்கமாட்டாள்.

அடேலா கரண்டியை ஆணியிலிருந்து எடுத்தாள். குழி கீழே பார்க்கப் பிரஸ்ஸின் குறுக்கே கவிழ்த்தாள். கையைத் துடைத்துக்கொண்டு நடைக்கூடத்துக்குப் போனாள்.

கிளப்பின் சமையலறை விளாஸ்டா கோசெலுடையது. எச்சில் தட்டு ஒரு நிமிஷம் மேசையில் கிடந்தால் அவளுக்கு உடம்பெல்லாம் அரிக்கும். தட்டுகளை அடுக்கிக்கொண்டே வந்தவள் பிரஸ்ஸுக்கு முன்னால் நின்றாள்.

"இதென்ன கண்றாவி. கரண்டியெல்லாம் கரி புடிச்சு..." கை நீட்டினாள்.

"விளாஸ்டா. கையை எடு."

முக்காலியிலிருந்து அந்தக் குரல் வந்ததை முதலில் யாரும் நம்பவில்லை. 'போச்சு' என்பதைத் தவிர வேறு சொல்லை அந்த உயரத்திலிருந்து அவர்கள் கேட்டதில்லை.

"ஒரு கரண்டிதானேண்ணே. கழுவித் தர்றேன்."

"கழுவாத."

"ஏன்? கழுவினா என்ன கொறஞ்சு போவுது?"

"நான் கழுவினேன்" என்றார் ஃப்ளோரியன்.

விளாஸ்டாவுக்குப் புரியவில்லை. லெனர்டுக்குப் புரியத் தொடங்கியது. காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தார்.

"நீங்களா? என்னத்தக் கழுவினீங்க?"

ஃப்ளோரியன் முக்காலியிலிருந்து இறங்கினார். ஒருவர் முகத்தையும் பார்க்காமல், புத்தகத்தில் பெயர் வாசிக்கிற குரலில் சொன்னார்.

"பெயர்த் திருநாள் அன்னிக்கு. நெலவறைக்குப் போனேன். கரண்டி அழுக்கா இருந்துது. கழுவினேன். காயட்டும்னு மல்லாத்தி வெச்சேன். கவுந்து கெடந்தது எனக்குத் தெரியாது. குழி கீழே இருந்தா மருந்து போடலைன்னு அர்த்தமாம். திங்கக்கெழமை சாப்பிடறப்பதான் தெரியும். தெரிஞ்சு ஆறு நாளாச்சு. சொல்லல."

நடைக்கூடத்து வாசலில், போன் கம்பியை அது போகிற மட்டும் இழுத்துக்கொண்டு அடேலா நின்றாள். காதில் போன் இருந்தது.

"அல்பினா, வெச்சுடறேன்டி. இல்ல, யாரும் சாகல. இன்னும் சாகல."

வந்தாள். ஃப்ளோரியனுக்கு எதிரில் நின்றாள். அவர் தொப்பியைக் கையில் பிடித்திருந்தார்.

"முப்பத்தோரு வருஷமா" என்று அவள் எல்லாருக்கும் பொதுவாகச் சொன்னாள், "இந்த ஆளு என் வீட்டுல ஒரு பாத்திரம் கழுவினதில்ல. ஒரே ஒரு நாள், ஒரே ஒரு கரண்டி கழுவினாரு. மாவட்டக் கோப்பை போச்சு."

அந்தச் சிரிப்பில் ஜன்னல் கண்ணாடி ஒன்று விரிசல் விட்டது. பெல்வின்காரர்கள்தான் அதிகம் சிரித்தார்கள். அடேலா சிரிக்கவில்லை. பிரஸ்ஸுக்கு முன்னால் உட்கார்ந்து கரண்டியைப் பார்த்தாள்.

"கவுந்து கெடக்கு. மருந்து போடணும்" என்று மருந்து போட்டாள்.

அவள் முகத்தில் ஃப்ளோரியன் அப்போது ஒன்றைக் கண்டார். தப்பு தன் கையில் இல்லை, தன் தலையிலும் இல்லை என்று தெரிந்துகொண்ட மனுஷியின் முகம். கல்யாணப் படத்தில்கூட அவள் அப்படி நிமிர்ந்து நின்றதில்லை. மீதி எட்டையும் கட்டி முடிக்கும்வரை அவர் அந்தப் பக்கத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

வெளியே காற்று மணிக்கு நாற்பது மைல். லெனர்ட் இருபத்தைந்து தோட்டாவையும் இடுப்புப் பையில் போட்டுக்கொண்டு நின்றார். முதல் புறா உடைந்தது. இரண்டாவது உடைந்தது. ஆறாவது புறா காற்றில் எகிறி மாதா கோயில் கூரை உயரத்துக்குப் போனது, அங்கேயே தூளானது. பதினொன்றாவதைச் சுட்டபோது அதன் தூளே காற்றில் திரண்டு பன்னிரண்டாவது புறா மாதிரித் தெரிந்ததாக இரண்டு பேர் சாட்சி. ஒவ்வொரு வெடியும் ஒரே அளவு, ஒரே குரல். யாரோ ஒருவர் ஒரே சொல்லை இருபத்தைந்து தடவை அழுத்திச் சொல்கிற மாதிரி.

இருபத்தைந்தாவது புறா கிளம்பியதும் காற்று அதை எதிர்த்து நின்றது. புறா முன்னேயும் போகவில்லை, பின்னேயும் வரவில்லை. சுற்றிக்கொண்டு ஒரே இடத்தில் நின்றது. லெனர்ட் துப்பாக்கியை இறக்கி, மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, மறுபடி ஏற்றிச் சுட்டார். புறா இருந்த இடத்தில் கறுப்பாக ஒரு புகை இருந்தது. அதையும் காற்று பெல்வினுக்குக் கொண்டுபோயிற்று.

"இருபத்தஞ்சு" என்றார் ஃப்ளோரியன். கடைசிக் கோட்டைப் போட்டார்.

லெனர்ட் நேராகக் காருக்குப் போய்க் கம்பெனிப் பெட்டியை எடுத்துவந்து குளத்தில் வீசினார். அதற்குப் பிறகு அந்தக் குளத்தில் வாத்தே இறங்கவில்லை என்று சொல்கிறவர்கள் உண்டு. அது மிகை. ஒரு வாரம்தான் இறங்கவில்லை. திரும்பி வந்து அடேலாவுக்கு முன்னால் தொப்பியை எடுத்தார்.

"அந்த நாலு டப்பாவைத் திருப்பிக் குடுங்கக்கா."

"மேசையிலயே இருக்கு. வந்து எடுத்துக்க. வர்றப்ப காலிக் கூட்டையெல்லாம் பொறுக்கிட்டு வா, என்னால குனிய முடியல."

மாவட்டத்திலேயே சிறப்பாகச் சுடுகிறவர் அன்று மாலை வரைக்கும் முழங்காலில் நின்று புல்லில் கூடு பொறுக்கினார்.

ஃப்ளோரியன் புத்தகத்தைத் திறந்து பதின்மூன்றாம் தேதிப் பக்கத்தை எடுத்தார். பெல்வின் ஆள் ஒருவன் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்து, "என்னண்ணே, அழிக்கப் போறீங்களா?" என்றான். "இந்தப் புத்தகத்துல அழிக்கறது கெடையாது" என்றார் அவர். டோப்ரி அணியின் ஐந்து பெயருக்குக் கீழே ஆறாவதாக ஒன்றை எழுதினார்: ஃப்ளோரியன் ஹ்ருஷ்கா. லெனர்டின் சுழியிலிருந்து அந்தப் பெயர் வரைக்கும் மையால் ஒரு கோடு இழுத்தார். அணியில் இடம்பெற்றது அவருக்கு அதுதான் முதல் தடவை.

அடேலா புத்தகத்தைத் தன் பக்கம் திருப்பிப் படித்தாள். நிதானமாக, மை காயும் வரைக்கும் படித்தாள்.

"கோடு நேரா இருக்கு" என்றாள்.

அவர் புத்தகத்தை மூடினார். இறைச்சிக் கட்டையை பிரஸ்ஸோடு சேர்த்துத் தோளில் தூக்கிக்கொண்டு, அத்தனை பேருக்கும் நடுவில், சப்பரம் தூக்குகிறவர் மாதிரி நடந்தார். அவளுடைய பிரஸ். அவருடைய மனைவி. கதவருகில் நின்ற பெல்வின்காரர்கள் இரண்டு பக்கமும் ஒதுங்கி வழிவிட்டார்கள். "பாத்துய்யா, படி இருக்கு" என்று பின்னாலிருந்து அடேலா சொன்னது அவர் காதில் இன்னும் இருக்கிறது.

வாத்தின் மேலிருந்து கையை எடுத்தாயிற்று, இனிச் சொல்லலாம்: ஃப்ளோரியன் ஹ்ருஷ்காவுக்குக் கல்யாணமே ஆகவில்லை.